கடைசிப் பாத்தி

சமரச மையத்தில் முதல் நாள் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நானும் பாலகுருவும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். சேர்ந்து வாழ விருப்பமில்லை. நகை திரும்பி வந்துவிட்டது. கட்டிலும் பீரோவும் பெருமுக்கலில் என் அம்மா வீட்டு வாசலில் இறங்கி, மழையில் கொஞ்சம் நனைந்து, உள்ளே போய்விட்டன. ஜீவனாம்சம் பற்றி இரண்டு வக்கீல்களும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

சமரசராக உட்கார்ந்திருந்த வசந்தா மேடம் பேனாவை மூடி வைத்தார். திண்டிவனம் கோர்ட்டில் பல வருடம் வக்கீலாக இருந்தவர்.

“இவ்ளோ ஒத்துமையா இருக்கிற புருஷன் பொண்டாட்டிய இந்த ரூம்ல நான் பாத்ததே இல்ல. அப்புறம் இன்னாதாம்மா பிரச்சனை?”

“பாப்பாவப் புதைச்ச எடத்த எனக்குக் காட்டணும்” என்றேன். “நான் எப்ப வேணா அங்க போய்ட்டு வரலாம்னு எழுதித் தரணும். அது இருந்தா கையெழுத்துப் போடுறேன்.”

மேடம் பாலகுருவைப் பார்த்தார். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மத்ததெல்லாம் சரிங்க. அது மட்டும் முடியாதுங்க.”

“குழந்தை பேரு என்ன?”

அந்தப் பெயரை அதற்கு முன் கடைசியாக யார் சொன்னது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லமாட்டாள். நான் மனதுக்குள் மட்டும்தான் சொல்வேன்.

“கீதாஞ்சலி” என்றார் பாலகுரு.

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவு மூடியே இருந்தது. இதை எழுதும்போது, திரும்பிப் பார்த்தேனா, பார்க்க நினைத்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது. மேடம் என்னையே கவனித்தார், அதனால் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரிசை இல்லாமல் எழுத வராது.

பாலகுருவின் வீடு மரக்காணத்தில். அவர் அப்பா தெய்வசிகாமணி மாமாவுக்கு அங்கே சொந்தமாக உப்பளம் உண்டு. பெரியது இல்லை. ஒன்றையடுத்து ஒன்றாகச் சில பாத்திகள், கழிமுகத்தை ஒட்டி ஓர் அகலமான வரப்பு. அந்த வரப்பை ஒட்டி இருப்பதைத்தான் கடைசிப் பாத்தி என்பார்கள். நான் நெல் விளையும் ஊரில் பிறந்தவள். கல்யாணமாகிப் போனபோது அந்த வெள்ளை வெளியைப் பார்த்தாலே கண் கூசும். பிறகு பழகிவிட்டது.

புயல் வந்த வருடம், அதற்குச் சில வாரங்களுக்கு முன், பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தார்கள். விடியும்போது பாப்பா இல்லை. அப்போது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஊர் இடுகாட்டுக்குப் போகும் பாதையில் தண்ணீர் ஓடியது. சின்னக் குழந்தை, நம் நிலத்திலேயே வைத்துவிடலாம் என்று மாமா சொன்னார். அவரும் பாலகுருவும் மட்டும் ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களில் பெண்கள் அதற்கெல்லாம் போவதில்லை. நான் கேட்கவும் இல்லை. அழுவதற்குக்கூட எனக்கு அப்போது தெரியவில்லை. “எங்க வெச்சீங்க?” என்று திரும்பி வந்ததும் கேட்டேன். “கடைசிப் பாத்தி வரப்புல” என்றார் பாலகுரு. “கல்லு ஒண்ணு வெச்சிருக்கேன். தண்ணி வடியட்டும், கூட்டிட்டுப் போறேன்.”

அம்மா வந்து என்னைப் பெருமுக்கலுக்கு அழைத்துப்போனாள். அங்கிருக்கும்போதுதான் புயல் வந்தது. நான் மரக்காணம் திரும்பியபோது மாசி மாதம். அளத்தில் புது வரப்புகள் போட்டிருந்தார்கள். “காட்டுங்க” என்றேன். “அப்புறம்” என்றார். அடுத்த நாளும் கேட்டேன். அடுத்த வாரமும் கேட்டேன். நானாகப் போய்ப் பார்த்தேன். கடைசிப் பாத்தி வரப்பில் கல் எதுவும் இல்லை. மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் சோற்றுச் சண்டை ஆரம்பித்தது.

பங்குனியில் புது உப்பு வந்தது. முதல் வாரிய உப்பில் ஒரு மூட்டை வீட்டுக்கு வரும். எப்போதும் கடைசிப் பாத்தியிலிருந்துதான் எடுப்பார்கள், அது சுத்தமாக இருக்கும் என்பார் மாமியார் முத்தம்மாள். அந்த மூட்டை பிரித்த நாளிலிருந்து பாலகுரு என் சமையலைத் தொடவில்லை. ஒரு வாய் வைப்பார், தட்டைத் தள்ளுவார். “உப்பில்லாம போடு” என்றார். போட்டேன். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விழுங்கினார். உப்பு விளைவிக்கிறவன் வீட்டில் உப்பில்லாச் சோறு. மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

“என் கையால போட்ட உப்புகூட உங்களுக்கு ஆவலையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். பாப்பாவை நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறார், அதைச் சொல்ல வாய் வராமல் சோற்றில் காட்டுகிறார் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. எனக்கு உறுதியாகப் படும் விஷயங்கள் குறைவு. அது ஒன்று பட்டது. காய்ச்சல் வந்த அன்று மாலை, உடம்பு சுடுகிறதே என்று தோன்றியும், விளக்கு வைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேனா இல்லையா என்பதை இன்று வரை ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த மாலை வேறு மாதிரி இருக்கிறது.

அந்த ஆடியில் நான் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது பகலில் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். மாலையில் தட்டச்சு வகுப்பு. வகுப்பு முடிந்து பஸ் வரும் வரை அன்றன்றைக்கு நடந்ததை எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் மறுநாளே அது மாறிவிடுகிறது.

வகுப்பில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும்போது, அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு சின்ன முனகல் கேட்கும். தொட்டிலில் விழித்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற குழந்தை போடும் சத்தம். விரலை நிறுத்துவேன். எல்லாரும் அடித்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் இருக்காது. திரும்ப ஆரம்பிப்பேன், திரும்ப வரும். பக்கத்து மெஷின் ஜெயப்ரியாவிடம் ஒருதடவை கேட்டேன். “உன் மெஷின்ல எண்ணெய் போடணும்டி” என்றாள். எண்ணெய் போட்டார்கள். சத்தம் போகவில்லை. பாப்பா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் சத்தம் நின்றுவிடும் என்று நான் நம்பினேன். ஓரிடத்தில் இருப்பவள் அந்த இடத்தில் இருப்பாள். இடம் தெரியாதவள்தான் எல்லா இடத்திலும் வருகிறாள்.

அதனால்தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

இரண்டாவது அமர்வில் மேடம் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். முதலில் என்னை.

“நான் ஜட்ஜ் இல்லம்மா. யாரு பக்கம் நியாயம்னு சொல்ல மாட்டேன். நீ இப்ப சொல்றது இந்த ரூம விட்டுப் போவாது. அவர்கிட்ட சொல்லுங்கன்னு நீ சொன்னாத்தான் சொல்லுவேன். அவருக்கும் அதேதான்.”

நான் முனகல் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவர் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு பாலகுரு உள்ளே போனார். வெளியே பெஞ்சில் என் தம்பி ராஜ்கமல் டீயோடு உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, வுட்டுத் தொல. அந்தாளு வேணும்னே இழுக்கிறான். நாளைக்கு நீ வேற எடத்துல வாக்கப்பட்டுப் போனா அந்த உப்பு மேட்டுக்கு வந்து நிப்பியா?”

“நிப்பேன்.”

“நிப்ப, நிப்ப. உன் புதுப் புருஷன் குடை புடிப்பான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் அதற்காகத்தான் சொன்னான். டீ ஆறிப்போயிற்று. பாலகுரு வெளியே வரவில்லை. என்னைவிட அதிக நேரம் உள்ளே இருந்தார். வந்ததும் எங்களைப் பார்க்காமல் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். “இன்னாக்கா, குளிக்கிறாரா?” என்று ராஜ்கமல் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மேடம் மறுபடி என்னைக் கூப்பிட்டார்.

“அவர் சொல்லிட்டாரு. அது எங்கிட்ட இருக்குது. உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்ல.”

“அப்ப எதுக்கு மேடம் கேட்டீங்க?”

“ஒருதடவையாவது வாயால சொல்லிப் பாக்கணும்ல. முத தடவதான் கஷ்டம்.” தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். “நான் ஒண்ணு கேக்கிறேன். எடத்தக் காட்டு, எடத்தக் காட்டுன்னு எவ்ளோ நாளா கேக்குற. ஏன் காட்ட மாட்டேங்கிறீங்கன்னு கேட்டிருக்கியா?”

கேட்டிருப்பேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். சண்டை போட்ட நாள் எல்லாம் எழுதியிருந்தேன். என்ன சொன்னேன், என்ன சொன்னார், தட்டு எங்கே விழுந்தது, எல்லாம். அந்தக் கேள்வி எங்கும் இல்லை. காரணம் எனக்கு முன்பே தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த அமர்வில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் கேட்டேன்.

“ஏங்க காட்ட மாட்டேங்கிறீங்க?”

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“எனக்குத் தெரியல கலை” என்றார் பாலகுரு. “எங்கன்னு எனக்கே தெரியல.”

பிறகு அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னது இது. புயல் அடித்த மறுநாள் கழிமுகமும் அளமும் ஒரே தண்ணீராக இருந்திருக்கிறது. வரப்பு இருந்த இடமே தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கல்லைக் காலாலும் கையாலும் தேடியிருக்கிறார். இருட்டும் வரை தேடினார். அடுத்த நாளும் தேடினார். தண்ணீர் வடிந்தபோது அந்த அகல வரப்பு அரித்துக்கொண்டு போயிருந்தது. அளத்தில் வருமானம் இல்லாததால் தை முழுக்க மினி லாரி ஓட்டப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர் அப்பா வேறு கோட்டில் புது வரப்பு போட்டு, பாத்தி எல்லாவற்றையும் மிதித்து முடித்திருந்தார்.

மிதிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மழை முடிந்ததும் பாத்தியின் அடிமண்ணை ஆட்கள் வெறுங்காலால் வரிசையாக மிதிப்பார்கள். திரும்பத் திரும்ப, நாள்கணக்கில், தரை சிமெண்ட் மாதிரி இறுகும் வரை. இறுகினால்தான் தண்ணீர் கசியாமல் நின்று உப்புக் கட்டும்.

“பாப்பா வரப்புல இருக்குதா, பாத்தில இருக்குதா, கடலுக்கே போய்ட்டுதான்னு தெரியல. எத்தினி ஆளுங்க காலு மேல...” அவருக்கு மூச்சு வாங்கியது. “அதுல விளைஞ்ச உப்ப நீ கொழம்புல போட்டு எடுத்தாந்து வெக்கிற. எப்டி கலை துன்றது? உங்கிட்ட எப்டி சொல்றது? நீயாவது துன்னுட்டுப் போன்னு வுட்டேன்.”

நான் அந்த உப்பை ஆடி வரை சாப்பிட்டேன்.

மேடம் என் கையைப் பிடித்தார் என்று எழுத வந்தேன். அவர் பிடிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்தார், அவ்வளவுதான். என் நாக்கில் அந்த ருசி வந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து போய் அந்த எடத்தப் பாத்துட்டு வர்றீங்களா?” என்று மேடம் கடைசியில் கேட்டார். “நான் சொல்லல. வேணும்னா.”

ஞாயிற்றுக்கிழமை பகலில் போனோம். ராஜ்கமல் ஈசிஆர் ரோட்டில் வண்டியோடு நின்றுகொண்டான். பாலகுரு முன்னே நடந்தார். வெயிலில் பாத்திகள் எல்லாம் தகடு தகடாக மின்னின. ஆட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். யாரும் இல்லாத வெளியில், உப்பு காய்ந்து வெடிக்கும் சின்னச் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசிப் பாத்திக்கு முந்திய வரப்பு வரை போனேன். செருப்பைக் கழற்றினேன். அடுத்த அடி வைக்கக் காலைத் தூக்கினேன்.

வைக்க முடியவில்லை.

பாத்திக்குள் இருக்கலாம். அதனால் கழிமுகப் பக்கத்துப் புது வரப்பில் ஏறலாம் என்று பார்த்தேன். வரப்பும் அந்த மண்ணை வாரிப் போட்டதுதான். ஓரமாகச் சுற்றிப் போகலாம் என்றால் ஓரமும் அதே மண். தூக்கிய காலை எங்கே வைத்தாலும் கீழே கிடப்பது அவள் இல்லை என்று யார் சொல்வது? நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். கீழே எங்கிருந்தோ, எல்லா இடத்திலிருந்தும், அந்த முனகல் வந்தது. இங்கே மெஷின் எதுவும் இல்லை.

“வா, போலாம்” என்றார் பாலகுரு. அவரும் பாத்தியில் கால் வைக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். “நானும் இதுக்கு மேல போவ மாட்டேன். வாருறதுக்கும் நான் வர்றதில்ல. அப்பாதான் பாத்துக்குது.”

திரும்பி நடந்தோம். வரும்போது முன்பு வைத்த காலடிகளிலேயே கால் வைத்து வந்தேன்.

நாலாவது அமர்வில் மேடம் நேராகவே கேட்டார். “இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும். பிரியறதப் பத்தி மறுபடி யோசிக்கிறீங்களா? தப்பா நெனைக்காதீங்க, கேக்க வேண்டியது என் வேல.”

நான் யோசித்துத்தான் பார்த்தேன். முந்தின நாள் முழுக்க யோசித்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் போயிருந்தது. ஆனால் அந்த வீட்டில், அந்த அடுப்புக்கு முன், அவர் எதிரே தட்டு வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“அவ மொகத்துல பாப்பா மொகம் தெரியுதுங்க” என்றார் பாலகுரு. “நெத்தி, அந்தப் பொருவம். நாள் முச்சூடும் பாக்க முடியாதுங்க என்னால.”

“சரி” என்றார் மேடம். “அப்ப பாப்பா விஷயம். காட்ட முடியாத எடத்தக் காட்டுன்னு என்னால எழுத முடியாது. எழுதினாலும் செல்லாது. வேற எது உனக்கு வேணும் கலைமதி?”

எனக்குத் தயங்காமல் பதில் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

“அந்தப் பாத்திய இனிமே மிதிக்கக் கூடாது. யாரும் எறங்கக் கூடாது. வாரக் கூடாது. தண்ணி நிக்கட்டும். நான் வந்து கரையில நின்னுட்டுப் போறேன்.”

பாலகுரு உடனே தலையாட்டினார். பிறகு, “நெலம் அப்பா பேர்ல இருக்குதுங்க” என்றார். “அவரு ஒத்துக்க மாட்டாரு. எந்த வூட்டுலயாவது வெளையிற பாத்திய சும்மா வுடுவாங்களா?”

“அப்ப அவரையும் கூப்பிடுவோம். அவர் கையெழுத்து இல்லாம இந்த ஷரத்து நிக்காது.”

அப்படித்தான் மாமா கடைசி அமர்வுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் மஞ்சள் பை. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். “செருப்போடயே வாங்கய்யா” என்று மேடம் சொல்லியும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “நல்லா இருக்கியாம்மா?” என்றார். நான் தலையாட்டினேன். ஒருகாலத்தில் அவருக்குப் பயப்படுவேன். இப்போது அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மேடம் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். கடைசிப் பாத்தியில் இனி உப்பு விளைவிப்பதில்லை. ஆட்களை இறக்குவதில்லை. மிதிப்பதில்லை.

அந்தச் சொல் வந்ததும் மாமா கையைத் தூக்கினார்.

“அந்தப் பாத்தில ஆளே எறங்கல மேடம்.”

“எப்ப?”

“புயலு அடிச்ச அந்தத் தையில. மத்த பாத்திக்கெல்லாம் மேஸ்திரி முருகையனோட ஆளுங்க செட்டு எறங்குச்சு. கடைசிப் பாத்திய நான்தான் மிதிச்சேன். ஒண்டியா. கூலி ஆளுங்க காலு அது மேல படக் கூடாதுன்னு.”

பாலகுரு நிமிர்ந்தார்.

“ஒரு பாத்திய ஒண்டியாளா மிதிக்க முடியுமாப்பா?”

“முடிஞ்சுது. மாசம் ஆச்சு. பைத்தியம் புடிச்சிருச்சு கெழவனுக்குன்னு முருகையன் சிரிச்சான். சிரிக்கட்டும்.” மாமா தன் பாதங்களைப் பார்த்தார். விரல் இடுக்குகள் வெடித்து, குதிகால் பிளந்து, வெளுத்துப்போயிருந்தன. “மிதிக்கல மேடம். தேடினேன். எங்கயாவது தட்டுப்படுதான்னு காலாலயே தடவிக்கினு போனேன்.”

“அதுல வெளைஞ்ச உப்ப வூட்டுக்கு எடுத்தாந்தியேப்பா!” பாலகுரு மேஜை விளிம்பை மறுபடி பிடித்துக்கொண்டார். “அத்தத் துன்ன முடியாமத்தானே...”

“எந்த உப்பு? அந்தப் பங்குனில வூட்டுக்கு வந்ததா? அது முருகையனோட அண்ணன் அளத்து உப்புடா. நான் மாத்திக்கினு வந்தேன். உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பாத்தில வாரினது அப்டியே லோடுல போச்சு. வீட்டுக்கு ஒரு கைப்பிடி எடுக்கல நான்.”

நான் பாலகுருவைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேருக்கும் தாங்காது என்று தெரிந்தது. அந்தச் சோற்றுத் தட்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த மேஜையில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

“ஏன்பா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல. நீ வந்தா அளத்துப் பக்கம் தலகூட வெக்கல. உங்கிட்ட நான் எந்த வாயால சொல்றது, உன் புள்ள மேல மிதிச்சிக்கினு நடந்தேன்னு?”

மின்விசிறி ஓடியது. நான்தான் கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

“தட்டுப்பட்டுச்சா மாமா?”

அவர் என்னையும் பாலகுருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாத்தி மண்ணு வேற, குழி வெட்டி மூடின மண்ணு வேற. மேல கல்லு போவும், வரப்பு போவும். அடிக் குழி அப்டியேதான் இருக்கும். எத்தினி தபா மிதிச்சாலும் அது மத்த மண்ணோட சேராது.” மேஜைமேல் விரலால் ஒரு சதுரம் போட்டார். கழிமுகப் பக்கம் இது, ரோட்டுப் பக்கம் இது என்று காட்டினார். பிறகு ஒரு மூலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி விரலை ஊன்றினார். “இங்க ஒரு மொறம் அகலம். கால வெச்சேன். வழவழன்னு உள்ள எறங்குச்சு. எடுத்துட்டேன். அதுக்கப்புறம் அந்த எடத்துல கால வெக்கல. சுத்திப் போய்ட்டேன். அதனாலதான் அந்த மூலைல மட்டும் தண்ணி நிக்காது, கசிஞ்சிக்கினே இருக்கும். உப்பே கட்டாது. முருகையன் கேப்பான், ஏன்யா அத்த மட்டும் மிதிக்காம வுட்டன்னு. கெழவனுக்குக் காலு வலின்னு சொல்லிட்டேன்.”

“அது பாப்பாதானா?” என்று பாலகுரு கேட்டார்.

“தெரியாதுடா.” மாமாவின் விரல் மேஜையிலிருந்து எழவில்லை. “எலிப் பொந்தா இருந்தாலும் இருக்கும். பழைய வாய்க்கா மூடினதா இருக்கும். தோண்டிப் பாக்கிற காரியமா இது? தப்பா இருந்தா இன்னா பண்றதுன்னுதான் யாருகிட்டயும் சொல்லல.”

மேடம் என்னைப் பார்த்தார். இந்த முறை அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பொந்தாக இருக்கலாம். வாய்க்காலாக இருக்கலாம். வயதானவர், ஒரு மாதம் முழுக்க உப்பு மண்ணில் தனியாக நடந்தவர், அவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். ஒரு சின்ன விஷயத்தையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் நான் ஒப்புக்கொண்டதில்லை.

மேஜைமேல் அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் கையை எடுத்தார். அங்கே ஒன்றும் இல்லை, பழைய டீ வட்டம் ஒன்றின் பாதி மட்டும். என் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். அறையில் முனகல் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தேன். வெளியே யாரோ ஒரு கேஸ் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியிலும் காது கொடுத்துக் கேட்டேன்.

“இந்த எடத்த எழுதிக்குங்க மேடம்” என்றேன். “கழிமுகத்து மூலை. ஒரு மொறம் அகலம்.”

“உறுதியாம்மா?”

“இல்ல” என்றேன். “எழுதிக்குங்க.”

அவர் எழுதினார். அந்தப் பாத்தியில் உப்பு விளைவிப்பதில்லை என்ற ஷரத்துக்குக் கீழே, அந்த மூலையையும் அது எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதி, மூன்று பேருக்கும் படித்துக் காட்டினார். நான் எப்போது வந்தாலும் வழிவிட வேண்டும் என்றும் இருந்தது. முதலில் மாமா போட்டார், பிறகு பாலகுரு. பேனா என் கைக்கு வந்தபோது சூடாக இருந்தது. கலைமதி என்று எழுதினேன். பாலகுருவின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் கடைசியாக வருகிற காகிதம் அது.